மெல்லிய தகட்டின் வரலாறு

ஆகாய விமானத்தின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியும், வேகத்தைப் பற்றியும், கடல் கடந்து பறந்த வீரர்களைப் பற்றியும் கூறி முடித்துவிடுகின்றனர். விமானத்தின் மேல் போர்த்தப்பட்டிருக்கும் தோலைப் பற்றிப் பேசுவோர் சிலர். இறக்கையின் ஓரத்திலும் வாலின் முடிவிலும் கீல்களில் தொங்கிக்கொண்டு, விமானியின் கையசைவுக்கு ஏற்ப அசைந்துகொடுக்கும் சிறு பலகைகள் இருக்கின்றனவே, அவற்றின் தோலைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். மாணவ நண்பர்களே, இன்று அந்தச் சிறு பலகைகளின் தோலைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

சிறிய பொருளாயிற்றே என்று எண்ணவேண்டாம். தொழிற்சாலையில் அல்லாமல் தம் வீட்டுக் கொட்டகையிலேயே, தம் கையாலேயே விமானம் கட்டிப் பறப்பவர்கள் உலகில் பல்லாயிரவர் உண்டு. அரை மில்லிமீட்டர் கனமும் இல்லாத தகட்டை வெட்டி, மடித்து, ஆணி அறைந்து அவர்கள் செய்யும் அந்தப் பலகை சரியாக அமைந்தால் விமானம் பறக்கும். தவறாக அமைந்தால் உயிர் போகும். அந்தத் தகட்டை எப்படி அமைப்பது என்பதை மனிதகுலம் கற்றுக்கொள்ள ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. அந்தக் கல்வியின் வரலாறுதான் இது.

முதலில் அப்பலகைகள் எவை என்று சொல்லிவிடுகிறேன். வாலில் நிமிர்ந்து நின்று இடமும் வலமும் திரும்புவது சுக்கான். படகின் சுக்கானுக்கும் இதற்கும் வேலை ஒன்றே. வாலில் கிடையாக இருந்து மேலும் கீழும் அசைவது எலிவேட்டர். அது விமானத்தின் மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்கிறது. இறக்கைகளின் பின்விளிம்பில், நுனிக்கு அருகில் இருப்பவை எய்லரான்கள். ஒன்று எழும்போது மற்றொன்று தாழ, விமானம் பக்கவாட்டில் சாய்கிறது. இம்மூன்றையும் பொதுவாக ஆட்சிப் பலகைகள் என்று அழைப்போம். விமானத்தை ஆள்பவை இவையே அல்லவா?

1903-ஆம் ஆண்டில் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானம் மரச் சட்டத்தின்மீது பருத்தித் துணி போர்த்தியது. அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் துணியே விமானத்தின் தோலாக இருந்தது. துணியை இழுத்துத் தைத்து, அதன்மேல் ஒருவகை மெழுகெண்ணெய் போன்ற பூச்சைப் பூசுவார்கள். பூச்சு உலர உலரத் துணி மிருதங்கத்தின் தோல்போல் விறைத்துக்கொள்ளும். எடை மிகக் குறைவு. கிழிந்தால் ஒட்டுப்போடுவதும் எளிது. ஆனால் மழையும் வெயிலும் துணியை அரித்தன. அன்றியும், துணிக்குத் தானாக நிற்கும் வலிமை கிடையாது. உள்ளே இருக்கும் சட்டமே எல்லாப் பாரத்தையும் சுமக்கவேண்டும். துணி காற்றைத் தடுக்கும் திரையாக மட்டுமே இருந்தது.

இந்நிலையை மாற்ற முன்வந்தவர் ஹூகோ யுங்கர்ஸ் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர். டெஸ்ஸாவு நகரில் அவருக்குக் குளியலறைக்கு வெந்நீர் காய்ச்சும் கருவிகளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. தகட்டை வளைக்கவும் ஒட்டவும் தெரிந்த தொழிலாளர் அங்கே இருந்தனர். அந்தக் கைத்திறத்தைக் கொண்டு எஃகுத் தகட்டாலேயே ஒரு விமானத்தை அவர் கட்டினார். ஜே-1 என்று பெயர் பெற்ற அந்த விமானம் 1915-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. பார்த்தவர்கள் அதைத் ‘தகரக் கழுதை’ என்று கேலி செய்தார்கள். கழுதை ஓடியது உண்மை. ஆனால் எஃகின் எடை அதை மேலே ஏறவிடாமல் இழுத்தது.

எஃகு கனம், அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்கே எடையுள்ளது. எனினும் தூய அலுமினியம் மிகவும் மென்மையானது. அதை நம்பி விமானம் கட்ட முடியாது. இதற்கு வழி கண்டவர் ஆல்ஃப்ரெட் வில்ம் என்னும் மற்றொரு ஜெர்மானியர். அலுமினியத்தோடு சிறிதளவு செம்பும் மக்னீசியமும் கலந்து, சூடேற்றி, திடீரென்று குளிர்வித்து அவர் சோதித்துவந்தார். 1906-ஆம் ஆண்டில், வார இறுதியில் சோதனையைப் பாதியில் நிறுத்திச் சென்றவர் திரும்பி வந்து பார்த்தபோது, அதே உலோகம் யாரும் தொடாமலே முன்னிலும் கடினமாகியிருந்ததைக் கண்டார் என்று சொல்லப்படுகிறது. காலம் செல்லச் செல்லத் தானே உறுதிபெறும் உலோகம்! அதுவே டியூராலுமின் எனப் பெயர் பெற்றது. இன்றைக்கும் வீட்டில் விமானம் கட்டுவோர் பயன்படுத்தும் அலுமினியத் தகடுகளில் பெரும்பகுதி அந்தக் கலப்பு உலோகத்தின் வழிவந்ததே.

யுங்கர்ஸ் இந்த உலோகத்தை எடுத்துக்கொண்டார். 1919-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பறந்த அவருடைய எஃப்-13 என்னும் பயணி விமானத்தின் தோல் முழுவதும் டியூராலுமின் தகடு. ஆனால் அது சமதளமான தகடு அன்று. நம் ஊர்க் கொட்டகைகளின் மேலே காணும் தகரக் கூரையைப் போல, அலையலையாக மடிக்கப்பட்ட தகடு. ஏன் அப்படி என்று கேட்கிறீர்களா? விடை நம் பனை மரத்தில் இருக்கிறது. பனையோலை மிக மெல்லியது. ஆயினும் அதிலுள்ள மடிப்புகளின் காரணமாக, விசிறியைக் காம்பைப் பிடித்து வீசும்போது ஓலை துவண்டு விழுவதில்லை. மடிப்பின் நீளவாட்டில் அதை வளைப்பது அரிது. குறுக்குவாட்டிலோ எளிதில் மடங்கிவிடும். இயற்கை ஓலைக்குக் கொடுத்த அதே உபாயத்தை யுங்கர்ஸ் தகட்டுக்குக் கொடுத்தார். எடையைக் கூட்டாமல் விறைப்பைக் கூட்டினார்.

மடிப்புத் தகட்டுக்கு ஒரு குறையும் உண்டு. காற்று அந்த மடிப்புகளின் வழியே நேராக ஓடுவதில்லை. சற்றே சாய்ந்து அவற்றைக் கடக்கிறது. அதனால் தடை மிகுகிறது. ஆகவே அடோல்ஃப் ரோர்பாக் என்ற பொறியாளர் வழுவழுப்பான தகட்டையே தோலாக வைத்து, அதுவும் பாரத்தைச் சுமக்கும்படி விமானத்தை வகுத்தார். அவ்வகையில் ஸ்டாக்கன் என்னுமிடத்தில் அவர் உருவாக்கிய நான்கு எஞ்சின் விமானம் 1920-இல் பறந்தது. முதல் உலகப் போரில் வென்ற நாடுகளின் கட்டளைப்படி 1922-இல் அது உடைக்கப்பட்டது. விமானம் உடைந்தது, கருத்து உடையவில்லை.

அவரோடு பணியாற்றிய ஹெர்பெர்ட் வாக்னர் இன்னொரு முக்கியமான உண்மையைக் கண்டு 1929-இல் வெளியிட்டார். மெல்லிய தகடு பாரம் தாங்காமல் நெளியத் தொடங்கினால், அத்துடன் அதன் கதை முடிந்தது என்றே அதுவரை எண்ணியிருந்தார்கள். வாக்னரோ அப்படியன்று என்றார். இருவர் ஒரு துண்டின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். துண்டில் மூலைவாட்டமாக வரிவரியாகச் சுருக்கங்கள் தோன்றும். ஆயினும் துண்டு கிழிவதில்லை. அந்த வரிகளின் வழியே இழுவிசையைத் தாங்கி நிற்கிறது. சட்டத்தில் அறையப்பட்ட மெல்லிய தகடும் அவ்வாறே நெளிந்தபின்னும் பாரத்தைச் சுமக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார்.

தோல் பாரம் சுமப்பது என்றால் என்ன என்பதை நீங்களே சோதித்தறியலாம். பல ஆண்டுகள் வகுப்பறையில் பௌதிகம் கற்பித்தவன் என்ற முறையில், கருவி எதுவும் வேண்டாத சோதனைகளையே நான் பெரிதும் விரும்புவேன். ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி ஓரத்தைப் பசையிட்டு ஒட்டுங்கள். இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். குழாய் உங்களை எதிர்த்து நிற்கும். இப்போது ஒட்டிய ஓரத்தை நீளவாட்டில் கத்தரித்துவிட்டு மறுபடியும் முறுக்குங்கள். எதிர்ப்பே இல்லாமல் திருகிக்கொள்ளும். தாள் அதுவே, கனமும் அதுவே. மூடிய குழாய்க்கும் திறந்த குழாய்க்கும் வலிமையில் அத்தனை வேற்றுமை. இந்த உண்மையை 1896-இலேயே ருடால்ஃப் பிரெட் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சூத்திரமாக எழுதிவிட்டார். தகட்டால் செய்த எலிவேட்டரும் இத்தகைய மூடிய குழாயே. முன்பக்கத்துக் குறுக்குத்தண்டும் மேலும் கீழுமுள்ள தகடுகளும் பின்விளிம்பில் ஒன்றுசேர்ந்து மூடிக்கொள்வதாலேயே அது முறுக்கத்தை எதிர்க்கிறது. பின்விளிம்பில் ஆணிகள் தளர்ந்தால், கத்தரித்த தாளின் கதைதான்.

இவ்வளவு தெரிந்த பின்னும் ஒரு விசித்திரத்தைக் காண்கிறோம். 1935-ஆம் ஆண்டு டிசம்பரில் பறந்த புகழ்பெற்ற டி.சி-3 விமானம் உடல் முழுவதும் உலோகத்தால் ஆனது. ஆட்சிப் பலகைகள் மட்டும் துணி போர்த்தவை! அக்காலத்து விமானங்கள் பலவற்றில் இதே நிலைதான். காரணம் என்ன? பழமையில் பற்றா? அன்று. படபடப்பு என்னும் பேய்க்கு அஞ்சியே அவ்வாறு செய்தார்கள்.

கொடியில் கட்டிய துணி காற்றில் படபடப்பதை நாம் பார்க்கிறோம். விமானத்தின் ஆட்சிப் பலகையும் அவ்வாறு படபடக்கத் தொடங்கினால் சில விநாடிகளில் இறக்கையோ வாலோ பிய்ந்து போய்விடும். 1916-இல் இங்கிலாந்தில் ஹேண்ட்லி பேஜ் என்னும் பெரிய குண்டுவீச்சு விமானத்தின் வால் பறக்கும்போது கடுமையாக அதிர்ந்தது. ஆராய்ந்த லான்செஸ்டர் என்ற அறிஞர், இடது எலிவேட்டரும் வலது எலிவேட்டரும் ஒன்றோடொன்று உறுதியாக இணைக்கப்படாமல், தனித்தனியே கம்பிகளால் இழுக்கப்படுவதே காரணம் என்று கண்டார். இரண்டையும் விறைப்பான குழாயால் பிணைக்கவேண்டும் என்பதே அவர் சொன்ன மருந்து. பின்னர் 1923-ஆம் ஆண்டளவில் ஹாலந்து நாட்டைச் சேர்ந்த பவும்ஹவர், கோனிங் என்ற இருவர், எய்லரானின் எடை கீலுக்குப் பின்னால் மிகுந்திருப்பதுவும் இந்த நோய்க்கு மூலம் என்று விளக்கினர்.

அதன் தத்துவம் இது. இறக்கை திடீரென்று மேலே எழும்போது, பின்பாரம் மிகுந்த எய்லரான் உடனே எழாமல் பின்தங்கித் தாழ்கிறது. தாழ்ந்த எய்லரான் காற்றைக் கீழே தள்ளி இறக்கையை மேலும் தூக்குகிறது. இறக்கை கீழே வரும்போது இதற்கு நேர்மாறாக நிகழ்கிறது. ஊஞ்சல் வரும்போதெல்லாம் தக்க தருணத்தில் ஒரு கை தள்ளிக்கொண்டே இருந்தால் என்னவாகும்? வீச்சு பெருகிக்கொண்டே போகும். இங்கே தள்ளுகின்ற கை காற்று. இதற்கு மாற்று, கீலுக்கு முன்னால் ஈயம் போன்ற ஓர் ஈடு எடையை வைத்துப் பலகையைத் தராசுபோல் சமன் செய்வது.

இங்கேதான் தோலின் எடை முக்கியமாகிறது. கீலுக்குப் பின்னால் 30 சென்டிமீட்டரில் 100 கிராம் எடையைக் கூட்டினால், முன்னால் 10 சென்டிமீட்டரில் 300 கிராம் ஈயம் சேர்க்கவேண்டும். நெம்புகோல் விதி உங்களுக்குத் தெரிந்ததே. பின்விளிம்பில் சேர்ந்த எடை மும்மடங்காகத் தண்டம் வாங்குகிறது. ஆகவேதான் எடை குறைந்த துணியை விட மனம் வரவில்லை.

ஆனால் வேகம் பெருகியது. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானத்தின் எய்லரான்கள் முதலில் துணியால் போர்த்தவை. மிகுந்த வேகத்தில் காற்று அந்தத் துணியை உப்பச் செய்தது. பலகையின் வடிவமே மாறியது. விமானி இரு கைகளாலும் முயன்றாலும் திருப்ப முடியாதபடி அவை கனத்தன. 1941-இல் உலோகத் தகட்டால் ஆன எய்லரான்கள் வந்த பின்னரே அக்குறை நீங்கியது. மெல்லிய தகடு இறுதியில் ஆட்சிப் பலகைகளையும் வென்றது.

போர் முடிந்தது. 1953-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபரஸ்னி என்ற விமானி, வீட்டில் விமானம் கட்டும் ஆர்வலர்களைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். அச்சங்கத்தார் ஆண்டுதோறும் கூடும் விழா 1970 முதல் ஆஷ்காஷ் நகரில் நடந்துவருகிறது. அந்நாட்டுச் சட்டத்தில் ஓர் அழகான சொல் இருக்கிறது. விமானத்தின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே கட்டியவருக்கு அதைப் பறக்க அனுமதி தரலாம் என்று அது கூறுகிறது. ‘கல்வி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கொட்டகையில் விமானம் கட்டுவதைக் கல்வி என்று ஒரு சட்டமே ஏற்றுக்கொண்டதைக் காணும்போது ஆசிரியனாகிய எனக்கு உண்டாகும் மகிழ்ச்சியை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் அவர்கள் மரத்தையும் துணியையுமே கையாண்டனர். ஜான் தார்ப் என்ற கலிபோர்னியப் பொறியாளர் டி-18 என்னும் முழு உலோக விமானத்தை வகுத்து, சாதாரண மனிதரும் கட்டத்தக்க வரைபடங்களைத் தந்தார். 1964-இல் அவ்வகை விமானம் முதன்முதலாகப் பறந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தவேண்டிய தகடுகளில் துளைகளை முன்கூட்டியே அளந்து போட்டுவிட்டால், பெரிய அச்சுச் சட்டம் இல்லாமலே பாகங்கள் நேராகச் சேரும் என்பது அவர் காட்டிய வழி. 1976-இல் டான் டெய்லர் என்பவர் தாம் கட்டிய டி-18 விமானத்திலேயே உலகைச் சுற்றி வந்தார்.

வீட்டில் கட்டுவோன் எதிர்ப்படும் கேள்வி மிக எளியது: தகடு எவ்வளவு கனமாக இருக்கவேண்டும்? ‘கனம் கூடினால் பலம் கூடும், சற்றுத் தடித்த தகட்டையே போட்டுவிடுவோம்’ என்று தோன்றுவது இயல்பு. தகட்டின் கனத்தை இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும் என்பதும் உண்மைதான். ஆனால் எடையும் இரட்டிக்கும். அந்த எடை கீலுக்குப் பின்னால் அமையும். ஈடு எடை அதைவிட மிகவேண்டும். ஆகவே தடித்த தகடு சிலவேளை பாதுகாப்பைக் குறைத்துவிடவும் கூடும்! அறிந்தோர் வழி வேறு. மெல்லிய தகட்டையே கொண்டு, அதற்கு விறைப்பைக் கனத்தால் அல்லாமல் வடிவத்தால் தருகிறார்கள்.

அதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, யுங்கர்ஸின் பழைய மடிப்பு. செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களின் எய்லரான்களையும் எலிவேட்டர்களையும் பாருங்கள்; தகட்டில் வரிவரியாக மடிப்புகள் இருக்கும். பெரிய விமானங்கள் கைவிட்ட பனையோலை உபாயம் சிறு பலகைகளில் இன்றும் வாழ்கிறது. மற்றொன்று, சமதளத் தகட்டின் உட்புறத்தில் ‘எல்’ வடிவில் மடித்த சிறு தகட்டுப் பட்டைகளைத் தறையாணிகளால் பொருத்துவது. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் என்ற ஆரிகன் மாநிலத்தவர் வகுத்து 1971-இல் பறந்த ஆர்.வி-3 முதலாக, அவருடைய விமான வரிசையில் இம்முறை பெரிதும் பின்பற்றப்பட்டது. அவற்றின் ஆட்சிப் பலகைகள் பலவற்றில் தோலின் கனம் அங்குலத்தில் ஆயிரத்தில் 16 பங்கு. அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர். அவ்வரிசையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் இதுவரை பறந்திருக்கின்றன.

அவற்றிலும் அனுபவம் ஒரு பாடம் கற்பித்தது. பட்டை முடியும் இடத்தில், பின்விளிம்பின் அருகே, சுழல்காற்றின் அதிர்வால் தோலில் சிறு வெடிப்புகள் தோன்றுவதுண்டு. விறைப்பான இடமும் துவளும் இடமும் திடீரென்று சந்திக்கும் எல்லையிலேயே உலோகம் களைப்படைகிறது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவது போல. இதற்குக் கட்டுவோர் கண்ட மருந்து, அவ்விடத்தில் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையே ரப்பர் போன்ற பசையை ஒரு சிறு உருண்டையாக வைத்துவிடுவது. அது அதிர்வை அடக்கிவிடுகிறது.

இக்கல்வி முற்றுப்பெற்றுவிட்டது என்று கருதவேண்டாம். வீட்டில் கட்டத்தக்க சி.ஹெச் 601 எக்ஸ்.எல் என்னும் உலோக விமான வகையில், பறக்கும்போதே இறக்கை முறிந்த விபத்துகள் பல நேர்ந்தன. 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க விபத்து விசாரணை வாரியம், எய்லரானின் படபடப்பே காரணமாக இருக்கலாம் என்று கருதி, அவ்வகை விமானங்கள் பறப்பதை நிறுத்தவேண்டும் என்றது. அந்த எய்லரான்களுக்கு ஈடு எடை கிடையாது. அவ்வாண்டின் இறுதியில் வந்த திருத்தத்தில் இறக்கை வலுவாக்கப்பட்டது. எய்லரானுக்கு ஈடு எடையும் சேர்க்கப்பட்டது. ஹாலந்து நாட்டறிஞர் இருவரும் கூறி எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் அதே பாடத்தை உயிர்களை விலையாகக் கொடுத்துப் படிக்க நேர்ந்தது! வீடுகளில் கட்டி முடித்தவர்கள் தாம் அறைந்த ஆணிகளைத் தாமே துளைத்தெடுத்து, இறக்கையைப் பிரித்து, மீண்டும் கட்டினார்கள்.

நண்பர்களே, இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றுவது ஒன்று உண்டு. ஆட்சிப் பலகைக்கு அழகிய வர்ணம் பூசி முடித்தபின், அதை மறுபடியும் கீலில் தொங்கவிட்டுச் சமநிலை பார்க்கவேண்டும் என்பது விமானம் கட்டுவோரின் விதி. பூச்சின் எடையும் கீலுக்குப் பின்னால் சேர்கிறது அல்லவா? யாரும் பார்க்கப்போவதில்லை, வர்ணத்தின் எடை என்ன பெரிது என்று விட்டுவிட்டால் கேட்பார் இல்லை. காற்று மட்டுமே கேட்கும். ஆயினும் கொட்டகையில் தனியே நிற்கும் அந்த மனிதன் பலகையைக் கழற்றித் தொங்கவிட்டு, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பொறுமையோடு பார்க்கிறான். வில்மும் வாக்னரும் லான்செஸ்டரும் தேடித் தந்த அறிவு முழுவதும் அந்த ஒரு கணத்தில் அவன் கையில் இருக்கிறது. பரீட்சைக்காகப் படித்த நெம்புகோல் விதியை ஓர் உயிரைக் காக்கப் பயன்படுத்துகிறான். நீங்கள் பயிலும் விதிகள் ஒவ்வொன்றும் இப்படி எங்கோ ஓரிடத்தில் ஒருவருடைய உயிரைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அதை எண்ணிப் படியுங்கள். செய்ததைச் சரிபார்க்கும் பழக்கத்தையும் அத்துடன் கற்றுக்கொள்ளுங்கள்.